ஒரே கால்வாயில் மூன்று வாசல்: நகோயாவின் வடிவமைப்புக் கண்காட்சி, 1989

நகோயா நகரின் வரைபடத்தை விரித்து, கோட்டையின் மேற்குப் பக்கத்திலிருந்து தெற்கே இறங்கும் ஹோரிகாவா கால்வாயின் மேல் விரலை வைத்து இழுத்துக்கொண்டே வாருங்கள். மேலே கோட்டை. நடுவில், அட்சுதா கோயிலுக்குச் சற்று மேற்கே, ஷிரோதோரி. கால்வாய் கடலில் போய்ச் சேரும் இடத்தில் துறைமுகம். 1989-ல் நடந்த உலக வடிவமைப்புக் கண்காட்சிக்கு வாசல் வைத்தது இந்த மூன்று இடங்களில்தான். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எந்த அரங்கில் என்ன வைத்தார்கள் என்றுதான் சொல்லிக்கொண்டு போவார்கள். அரங்குகளைப் பிரித்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. தரை மட்டும் அங்கேயே கிடக்கிறது. அந்தத் தரை எப்படிக் கிடைத்தது, கூட்டத்தை அங்கே எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், முடிந்தபின் மிஞ்சியதை யார் தலையில் கட்டினார்கள் என்று பார்த்தால் கண்காட்சி வேறு மாதிரித் தெரியும்.

அளவுகளை முதலில் சொல்லிவிடலாம். ஜூலை 15 சனிக்கிழமை திறந்து, நவம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை மூடினார்கள். மொத்தம் 135 நாள். வந்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 52 லட்சம் பேர். சராசரி போட்டால் நாளொன்றுக்கு 1,12,000-க்கும் மேல். 'மனிதர், கனவு, வடிவமைப்பு: நகரம் இசைக்கும் சிம்பொனி' என்பது முழக்கம். பெயரில் 'உலக' என்று இருந்தாலும், 1970-ல் ஒசாகாவிலும் 2005-ல் இதே நகோயாவை ஒட்டிய ஐச்சிப் பகுதியிலும் நடந்தவை போல, பாரிஸில் உள்ள சர்வதேசக் கண்காட்சி அமைப்பின் அங்கீகாரம் பெற்ற எக்ஸ்போ அல்ல இது. நகரமே முன்னின்று நடத்திய உள்ளூர் விழா. ஜப்பானில் நகராட்சி முறை வந்தது 1889-ல். அதனால் 1989-ல் யோகோஹாமா, ஃபுகுவோகா, நகோயா மூன்றும் தத்தம் நூறாவது வயதுக்கு ஆளுக்கொரு கண்காட்சி போட்டன. நகோயா நகரமான நாள் அக்டோபர் 1. கண்காட்சிக் காலத்துக்குள் அந்தத் தேதி விழுவது தற்செயல் இல்லை.

நகோயாவுக்கு இன்னொரு கணக்கும் பாக்கி இருந்தது. 1988 ஒலிம்பிக்கைத் தங்களுக்கே என்று நம்பிக்கொண்டிருந்த நகரம் அது. 1981 செப்டம்பர் 30 அன்று ஜெர்மனியின் பாடன்-பாடனில் வாக்கெடுப்பு நடந்தபோது சோலுக்கு 52, நகோயாவுக்கு 27. மைதானங்களுக்கும் சாலைகளுக்கும் போட்ட திட்டமெல்லாம் அந்தரத்தில் நின்றது. ஒலிம்பிக் கைவிட்டுப் போன ஊருக்கு, கட்டுமானத்துக்கு ஒரு தேதி வேண்டியிருந்தது. பெரிய விழாக்களின் முதல் பயன் இதுதான் என்பது என் கருத்து. நிகழ்ச்சியை விட 'இந்தத் தேதிக்குள் முடித்தாக வேண்டும்' என்ற நெருக்கடிக்குத்தான் மதிப்பு அதிகம்.

மரம் மிதந்து வந்த வழி

ஹோரிகாவா இயற்கையான ஆறு இல்லை. நகோயாக் கோட்டை கடலிலிருந்து உள்ளே தள்ளி, மேட்டு நிலத்தின் விளிம்பில் நிற்கிறது. 1610-ல் கோட்டை வேலை தொடங்கியபோது கல்லையும் மரத்தையும் கொண்டுவர நீர்வழி வேண்டியிருந்தது. ஃபுகுஷிமா மசனோரி என்ற பிரபுவின் பொறுப்பில், அட்சுதாக் கடற்கரையிலிருந்து கோட்டை வரை சுமார் 6 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார்கள்.

மரம் வந்தது கிஸோ மலைகளிலிருந்து. அங்கே வளரும் ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) மரத்துக்காக, நகோயாக் கோட்டையிலிருந்து ஆண்ட ஒவாரி ஆட்சியாளர்கள் காட்டையே பூட்டி வைத்திருந்தார்கள். 'ஒரு மரம், ஒரு தலை' என்பது அந்தக் காலத்துச் சொல்: அனுமதியில்லாமல் வெட்டினால் தலை போகும். வெட்டிய மரத்தை மலைச்சரிவில் சறுக்கி ஓடைக்குக் கொண்டுவருவார்கள். ஓடையிலும் மேல் ஆற்றிலும் பாறைகள் அதிகம் என்பதால் தெப்பம் கட்ட முடியாது. ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாக விட்டுவிடுவார்கள். நிஷிகோரி என்ற இடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே கனமான கயிறு கட்டி அத்தனையையும் மறிப்பார்கள். அங்கே தெப்பமாகக் கட்டி, ஆற்று முகத்துவாரம் வரை ஓட்டி, இஸே வளைகுடாவின் கரையோரமாக அட்சுதாவுக்குக் கொண்டுவந்து, அன்று ஹோரிகாவாவின் கடல்வாயாக இருந்த ஷிரோதோரியின் மரக்கிடங்குக் குளங்களில் விடுவார்கள். மரத்தைத் தண்ணீரில் போட்டு வைப்பது வெறும் இட வசதிக்காக இல்லை. வெயிலில் கிடந்தால் வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே நிற்க, கட்டை வெடித்துவிடும். முழுகிக் கிடந்தால் காற்று படாது. பூஞ்சையும் வண்டும் அண்டுவது குறையும். 1911-ல் மலைப்பாதை ரயில் முழுமையானது. 1924-ல் கிஸோ ஆற்றின் குறுக்கே ஓய் அணை வந்தது. மிதந்து வரும் பழக்கம் அதோடு ஓய்ந்தது. குளங்கள் மட்டும் தொடர்ந்து மரக்கிடங்காக இருந்தன.

அந்தக் குளங்கள் ஏன் காலியாயின என்பதற்கு ஒரு கொடிய காரணம் உண்டு. 1959 செப்டம்பர் 26 இரவு இஸே வளைகுடாப் புயல் அடித்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 5,098 பேர். நகோயாவின் தென் பகுதியில் சாவு அவ்வளவு பெருகியதற்குக் கடலேற்றம் மட்டும் காரணம் இல்லை. துறைமுக மரக்கிடங்குகளில் மிதந்துகொண்டிருந்த கட்டைகள் கரையை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, இருட்டில் வீடுகளின் மேல் மோதின. டன் கணக்கில் எடையுள்ள கட்டை வெள்ளத்தோடு வந்து இடித்தால் மரவீட்டுச் சுவர் என்ன தாங்கும்? அதன்பின் மரச் சேமிப்பைக் குடியிருப்பை விட்டு விலக்கி, வளைகுடாவின் மேற்குப் பகுதிக்குத் தள்ளினார்கள். நகரின் நடுவே இருந்த பழைய குளங்கள் படிப்படியாகப் பயனிழந்தன. குளத்தைத் தூர்த்த நிலம், அதுவும் நகரத்தின் வயிற்றில், ரயிலுக்குப் பக்கத்தில்! கண்காட்சியின் முக்கிய வளாகம் ஷிரோதோரியில் அமைந்தது அப்படித்தான்.

இன்று அங்கே இருக்கும் ஷிரோதோரித் தோட்டத்தை இந்த வரலாறு தெரியாமல் பார்த்தால் இன்னொரு ஜப்பானியத் தோட்டம், அவ்வளவுதான். தெரிந்து பார்த்தால் அதுவே ஒரு வரைபடம். ஒரு மூலையில் எழும் செயற்கைக் குன்று, ஒன்தாகே மலை. அதிலிருந்து பாறைகளுக்கிடையே இறங்கும் நீரோடை, கிஸோ ஆறு. ஓடை போய்ச் சேரும் பெரிய குளம், இஸே வளைகுடா. மரம் பயணம் செய்த அதே வழியை, மரம் வந்து தங்கிய அதே இடத்தில் சுருக்கிப் போட்டிருக்கிறார்கள். 1983-ல் வேலை தொடங்கி, கண்காட்சிக்கு ஒரு பகுதி பயன்பட்டு, 1991-ல் முழுமையாகத் திறந்தது. விழாவுக்காகக் கட்டாமல், விழாவை நடுவில் ஒரு நிறுத்தமாக வைத்துக் கட்டியது. இருபுறமும் காலம் விட்டுக் கட்டியதால்தான் இன்று வரை நன்றாக நிற்கிறது என்று நினைக்கிறேன்.

அங்கே நின்று கேட்க வேண்டிய ஒன்று, சுய்கின்குட்சு. தண்ணீர் வீணை என்று சொல்லலாம். கட்டுவது எளிது, கெடுப்பது அதைவிட எளிது. சுட்ட மண் சாடி ஒன்றின் அடியில் விரல் நுழையும் அளவு துளையிட்டு, அதைத் தலைகீழாக மண்ணுக்குள் புதைக்கிறார்கள். சாடியைச் சுற்றிலும் மேலேயும் கூழாங்கல். சாடிக்குக் கீழே களிமண்ணாலோ காரையாலோ ஒரு தட்டு போட்டு, அதில் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி வடிகுழாயின் வாயை உயர்த்தி வைக்கிறார்கள். மேலே கை கழுவும் தண்ணீர் கற்களுக்கிடையே கசிந்து, துளையின் விளிம்பில் திரண்டு, சொட்டாகக் கீழே விழும். அந்தச் சொட்டு எழுப்பும் ஒலி சாடிக்குள்ளே சுற்றி மணியோசையாக வெளியே வரும். மூங்கில் குழாயைக் காதில் வைத்தால் இன்னும் துல்லியம். பிழை வருவது பெரும்பாலும் வடிகாலில். இலைத்தூளும் வண்டலும் அடைத்தால் உள்ளே நீர்மட்டம் ஏறும். ஏற ஏற ஓசை மந்தமாகி, சாடி நிரம்பினால் ஊமை. மேலேயிருந்து நிறைய ஊற்றினாலும் கெட்டது. சொட்டு அறுபடாமல் தாரையாக இறங்கும், அதற்கு நாதம் கிடையாது. சாடியின் உட்புறம் வழவழவென்று மெருகேற்றியிருந்தாலும் சிக்கல்தான். நீர் ஓரமாக வழிந்தோடிவிடும், சொட்டாகாது. ஒரு கோப்பைத் தண்ணீரை மெல்ல ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். முதல் சில நொடி ஒன்றும் கேட்காது.

மூன்று வாசல் என்றால் மூன்று மடங்கு

வந்த ஒருவருக்கு மூன்று வளாகம் என்பது தொல்லை. ஒரே நாளில் மூன்றையும் பார்க்க முடியாது. எது முக்கியம் என்று புரியாது. நடத்துகிறவருக்கும் தொல்லை. சீட்டுக் கிழிக்கும் வரிசை, முதலுதவி, தொலைந்துபோன பிள்ளைகளை உட்கார வைக்கும் அறை, குப்பை வண்டி நிற்கும் முற்றம், மின்மாற்றி, எல்லாமே மூன்று. இருந்தும் அந்த முடிவு சரி என்பேன். ஒரே பெரிய நிலத்தை நகருக்கு வெளியே வளைத்துப் போட்டிருந்தால் கூட்டம் அங்கேயே வந்து அங்கேயே கலைந்திருக்கும். மூன்றாகப் பிரித்ததால் ஜனம் நகரத்தின் ஊடே போய்வர வேண்டியதாயிற்று.

ஆனால் மூன்று தரையும் மூன்று குணம். கோட்டை வளாகம் தேசிய அளவில் காக்கப்படும் சிறப்புத் தொல்லிடம். இஷ்டத்துக்குக் குழி தோண்ட முடியாது. மண்ணுக்கடியில் பழைய அடித்தளங்கள் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் எதையும் ஊன்றாமல், எடையை வைத்து அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். ஷிரோதோரி தூர்த்த நிலம். ஊன்றலாம், ஆனால் மண் இளகியது. ஒரு மூலை இறங்கினால் கதவு சிக்கும், கூரையில் நீர் தேங்கும். துறைமுகத்தில் தரை கெட்டி, ஆனால் காற்றும் உப்பும். ஆகஸ்டு, செப்டம்பர் என்றால் புயல் காலம். ஒரே வரைபடத்தை மூன்று இடத்திலும் போட முடியாது. ஜப்பானியக் கட்டடச் சட்டத்தின் 85-ஆம் பிரிவு கண்காட்சிக் கட்டடங்களுக்குத் தற்காலிக அனுமதி தருகிறது, பொதுவாக ஓராண்டுக்குள். சில விதிகளில் தளர்வு கிடைக்கும். அதற்காகக் காற்றும் நிலநடுக்கமும் தளர்வு தராதே. தற்காலிகக் கூரைகளில் தவறு நேர்வது பெரும்பாலும் கூரைத் துணியிலோ இரும்புச் சட்டத்திலோ இல்லை. இரண்டையும் தரையோடு பிடித்து நிறுத்தும் இடத்தில். காற்று கூரையைக் கீழே அழுத்துவதை எல்லோரும் கணக்கில் எடுப்பார்கள். அடியில் புகுந்து மேலே தூக்குவதைக் குறைத்து மதிப்பிடுவார்கள்.

இன்னொன்று வரிசை. எந்தக் கண்காட்சியிலும் அரங்கின் அழகைவிட அது ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை விழுங்கித் துப்புகிறது என்பதுதான் பேர் வாங்கித் தரும், அல்லது கெடுக்கும். உதாரணத்துக்கு 300 இருக்கை, 15 நிமிடப் படக்காட்சி என்று வைத்துக்கொள்வோம். ஆள் ஏறி இறங்க 5 நிமிடம் என்றால் ஒரு சுற்று 20 நிமிடம். மணிக்கு 3 சுற்று, 900 பேர். பத்து மணி நேரத்தில் 9,000 பேர். ஏறி இறங்குவது 8 நிமிடமானால் சுற்று 23 நிமிடம், நாளுக்கு 7,800 சொச்சம்தான். மூன்று நிமிடச் சோம்பலில் 1,100 பேருக்கு மேல் வெளியே வெயிலில் நிற்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் செய்வது: நுழையும் கதவு ஒரு பக்கம், வெளியேறும் கதவு எதிர்ப்பக்கம். நடுவில் நடைபாதை கிடையாது. வரிசையின் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்க வேண்டும். அடுத்த 300 பேரை முன்னறையில் நிறுத்தி ஒரு குட்டி விளக்கம் போட்டுக் காட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த விளக்கத்துக்குப் பெரிய நோக்கம் இல்லை, ஆளை எண்ணி நிறுத்துவதுதான். ஜூலை நடுவில் தொடங்கியதால் பள்ளி விடுமுறைக் கூட்டம் ஆரம்பத்திலேயே வந்துவிடும். ஆனால் நகோயாவின் கோடை ஜப்பானிலேயே பேர் போன புழுக்கம். நிழல்பந்தலும் குடிநீரும் இல்லாத வரிசை ஒரு மணி நேரத்தில் மருத்துவக் கூடாரத்தை நிரப்பிவிடும். தவிர, ஜப்பானியர் கண்காட்சிக்குக் கடைசி வாரங்களில் முண்டியடிப்பது வழக்கம். 1970-லும் அப்படி, 2005-லும் அப்படி, 2025 ஒசாகாவிலும் அப்படி. சராசரியை வைத்துக் கழிப்பறை கட்டினால் கடைசி மாதம் மானம் போகும்.

மூன்று வளாகத்தையும் ஒன்றாகக் கோத்தது கனயாமா நிலையம். அதற்கு முன் கனயாமாவில் ஜேஆர் ரயில் நிறுவனத்தின் சூவோ தடத்து ரயில்கள் மட்டும் நிற்கும். பக்கத்திலேயே ஓடும் தோக்காய்தோ தடத்து ரயில்கள் நிற்காமல் போகும். மெய்தெட்சு என்ற தனியார் ரயிலுக்குச் சுமார் 300 மீட்டர் தள்ளித் தனி நிலையம். மாறிப் போக வேண்டியவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும். 1989 ஜூலை 9-ல், திறப்பு விழாவுக்குச் சரியாக 6 நாள் முன்பு, எல்லாத் தடங்களும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. அதன் அடியில் சுரங்க ரயில். வடக்கே கோட்டைக்கும், தெற்கே துறைமுகத்துக்கும் அங்கிருந்தே பிரியும். 135 நாள் கண்காட்சிக்காக அல்ல, அதற்குப் பின் தினமும் வேலைக்குப் போகிறவருக்காகவே அது பயன்படுகிறது. அந்தக் கண்காட்சியில் மிகச் சிறந்த வடிவமைப்பு எது என்று கேட்டால் யோசிக்காமல் கனயாமாவைச் சொல்வேன். அதை யாரும் காட்சிக்கு வைக்கவில்லை.

சகுராதோரி சுரங்கத் தடம் அத்தனை சமர்த்தாக நடந்துகொள்ளவில்லை. செப்டம்பர் 10-ல்தான் திறந்தது, கண்காட்சி தொடங்கி 57 நாள் கழித்து. அதுவும் எந்த வளாகத்துக்கும் நேராகப் போகாது.

லியனார்டோவின் குதிரை

ஷிரோதோரியில் நின்ற காட்சிப் பொருள்களில் இன்றும் பேசப்படுவது ஒரு குதிரை. மிலான் நகரை ஆண்ட ஸ்ஃபோர்ஸா குடும்பத்துக்காக லியனார்டோ டா வின்சி வார்க்கத் திட்டமிட்ட குதிரைவீரன் சிலை. 1493-ல் களிமண் மாதிரி தயாரானது. வார்ப்புக்குச் சேர்த்த வெண்கலம் பீரங்கிக்குப் போய்விட்டது. 1499-ல் மிலானுக்குள் நுழைந்த பிரெஞ்சு வில்லாளிகள் களிமண் குதிரையைக் குறி பார்த்துப் பழக வைத்துக்கொண்டார்கள். மிஞ்சியவை ஓவியங்களும் குறிப்புகளும் மட்டும். அவற்றை வைத்து, 8 மீட்டருக்கு மேல் உயரமாக, நகோயாவில் 1989-ல் எழுப்பினார்கள். மிலானிலும் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸிலும் இப்போது நிற்கும் வெண்கலக் குதிரைகள் அதற்குப் பத்து வருடம் பிந்தியவை. வடிவமைப்புக் கண்காட்சியில் இப்படியொரு பொருளை வைத்ததில் எனக்கு ஒரு குறும்பு தெரிகிறது. வரைபடம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், உலோகம் வேறு வேலைக்குப் போய்விட்டால் ஒன்றும் நடக்காது.

அது ஜப்பானில் உலோகத்துக்கும் பணத்துக்கும் பஞ்சமில்லாத வருடம். டோக்கியோப் பங்குச் சந்தைக் குறியீடு 38,915 என்ற உச்சத்தில் முடிந்தது 1989 டிசம்பர் 29-ல். கண்காட்சி மூடி 33 நாளில். ஏப்ரல் 1-ல்தான் 3 விழுக்காடு நுகர்வு வரி வந்திருந்தது. மத்திய தொழில் அமைச்சகம் அந்த ஆண்டையே வடிவமைப்பு ஆண்டாக அறிவித்திருந்தது. அக்டோபரில் தொழில்சார் வடிவமைப்பாளர்களின் உலக மாநாடு நகோயாவிலேயே கூடியது. பின்னால், உள்ளலங்கார வடிவமைப்பாளர்கள் 1995-லும், வரைகலை வடிவமைப்பாளர்கள் 2003-லும் இங்கே கூடினார்கள். மூன்று மாநாட்டையும் நடத்திய ஊர்கள் அபூர்வம். 1996-ல் சகாயேப் பகுதியில் சர்வதேச வடிவமைப்பு மையம் திறந்தது. 2008-ல் யுனெஸ்கோ நகோயாவை வடிவமைப்பு நகரமாகச் சேர்த்துக்கொண்டது.

நாற்காலி யாருடையது?

கல்யாணம் முடிந்த வீட்டில் பாத்திரம் எண்ணும் வேலை ஒன்று உண்டல்லவா? கண்காட்சிக்கும் உண்டு. நகோயாவில் அது பதினைந்து வருட வழக்காயிற்று.

ஜப்பானில் உள்ளூர்க் கண்காட்சியை நகராட்சி பெரும்பாலும் நேரடியாக நடத்தாது. ஒரு சங்கத்தை அறக்கட்டளையாகப் பதிவு செய்வார்கள். நகராட்சி மூலதனம் தரும், ஆள் அனுப்பும். சங்கம் சீட்டு விற்கும், நிறுவனங்களிடம் அரங்க இடத்துக்குப் பணம் வாங்கும், கட்டும், நடத்தும், கலையும். நகரத்தின் நிதிநிலையிலிருந்து விழாக் கணக்கைத் தனியே பிரித்து வைப்பதற்கு இந்த ஏற்பாடு வசதி. ஆபத்தும் இதில்தான். நகோயாவில் சங்கத்தின் தலைவர் மேயரே. நகராட்சியின் மற்ற மூத்த அதிகாரிகளும் சங்க நிர்வாகத்தில் இருந்தார்கள்.

கண்காட்சி முடிந்தது. கணக்கு லாபத்தில் முடிந்ததாக வந்தது. ஆனால் அதற்குள் சங்கம் வைத்திருந்த கட்டமைப்புகளையும் தளவாடங்களையும் பொருள்களையும் நகராட்சி ஏறத்தாழ 100 கோடி யென் கொடுத்து வாங்கியிருந்தது. விற்றது மேயர் தலைவராக இருந்த சங்கம். வாங்கியது மேயர் தலைமையிலான நகரம். நஷ்டத்தை மறைக்கத்தான் தேவையில்லாத பொருளை நகரத்தின் தலையில் கட்டினார்கள் என்று குடிமக்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். வரிப்பணம் தவறாகச் செலவானால் குடிமகனே வழக்காட ஜப்பானிய உள்ளாட்சிச் சட்டம் இடம் தருகிறது. 1996-ல் மாவட்ட நீதிமன்றம் குடிமக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பிறகு மேல்முறையீடு. 2004 ஜூலை 13-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இரண்டு பக்கமும் வெட்டியது. ஒருவரே இரு தரப்புக்கும் நின்று ஒப்பந்தம் செய்வதைத் தடுக்கும் சிவில் சட்டத்தின் 108-ஆம் பிரிவு மேயர்களுக்கும் பொருந்தும். ஆனால் நகர மன்றம் பின்னர் ஒப்புதல் அளித்திருந்தால் ஒப்பந்தம் நகரத்தைக் கட்டுப்படுத்தும். அத்தோடு, கண்காட்சி வேலையை நகரம்தான் சங்கத்திடம் ஒப்படைத்தது என்று கொள்ள இடமிருப்பதால், செலவை ஈடுகட்டும் கடமை நகரத்துக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது.

இதில் யார் நல்லவர் என்று தேடுவதை விட, எங்கே கோணல் விழுந்தது என்று பார்ப்பது பிரயோசனம். மிஞ்சும் பொருளை யார், எந்த விலைக்கு எடுப்பார்கள் என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். நாற்காலியை வாங்கும்போதே அடுத்த சொந்தக்காரர் பெயரைப் பட்டியலில் போட்டுவிட்டால் அது முன்பதிவு. கணக்கு முடிக்கும் வாரத்தில் போட்டால் அது சந்தேகம். வாடகைக்கு எடுத்திருக்கலாமே என்ற கேள்வியும் அங்கே எழும். 135 நாளுக்கு வாடகையா, விலைக்கா என்று ஒவ்வொரு பொருளுக்கும் கணக்குப் போட வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு விடை வரும், கொடிக்கம்பத்துக்கு இன்னொன்று.

தரையில் ஊன்றியவை விஷயத்தில் நகரம் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. ஷிரோதோரியில் 1990-ல் நகோயா மாநாட்டு மையம் திறந்தது. 2010 அக்டோபரில் ஐ.நா. உயிர்ப்பன்மை உடன்படிக்கையின் பத்தாவது மாநாடு நடந்தது அந்த மையத்தில்தான். மூலிகை, விதை, மரபணு வளம் பற்றிய பேச்சில் அடிக்கடி வரும் 'நகோயா நெறிமுறை' பிறந்தது பழைய மரக்கிடங்கின் மேல்.

இப்போது போகிறவர்களுக்கு

மேலிருந்து கீழே, கால்வாயின் போக்கிலேயே போங்கள். சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களிலும் ஒவ்வொரு மாதம் 8-ஆம் தேதியிலும் செல்லும் 'தோநிச்சி எக்கோ' ஒருநாள் சீட்டு பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்கும் பொது. திங்கட்கிழமை வேண்டாம். தோட்டமும் துறைமுகக் காட்சியகங்களும் வழக்கமாக அன்று விடுமுறை.

நகோயாஜோ நிலையத்தில் இறங்கினால் கோட்டை. 2023 வரை அந்த நிலையத்துக்கு நகராட்சி அலுவலகம் என்று பொருள்படும் ஷியாகுஷோ என்பது பெயர். பழைய வழிகாட்டிகளில் அப்படித்தான் இருக்கும். 1959-ல் கான்கிரீட்டில் எழுப்பிய நடுக் கோபுரம் நிலநடுக்கப் பாதுகாப்புக் குறைவால் 2018 மே முதல் மூடிக் கிடக்கிறது. அதற்காக வருந்த வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஹொன்மாரு அரண்மனைதான் பார்க்க வேண்டியது. 1945 மே 14 குண்டுவீச்சில் எரிந்ததை, போருக்கு முன் எடுத்த அளவு வரைபடங்களையும் புகைப்படங்களையும் வைத்து 2009 முதல் 2018 வரை மறுபடி கட்டினார்கள். கிஸோ ஹினோகியை இங்கே கிட்டத்தில் பார்க்கலாம். இழைப்புளி போட்ட தூணில் உப்புத்தாள் தடம் இருக்காது. மெல்லிய சீவலாக ஒரே இழுப்பில் எடுத்த பரப்பு, சாய்ந்து விழும் வெளிச்சத்தில் பட்டுப் போல் மினுங்கும். கையை வைக்காதீர்கள், எண்ணெய்க் கறை இறங்கிவிடும்.

அங்கிருந்து மெய்ஜோ தடத்தில், கனயாமா வழியாக நிஷி-தகாகுரா. இறங்கி மேற்கே நடந்தால் ஹோரிகாவாவைக் கடந்து மாநாட்டு மையம். லியனார்டோவின் குதிரையைக் கண்காட்சிக்குப் பின் இந்த மையத்தில்தான் நிறுத்தினார்கள்; பார்க்க வேண்டுமானால் குதிரை இன்னும் அங்கே இருக்கிறதா, மையம் அன்று திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தை முடித்துவிட்டு ஹிபினோ நிலையத்தில் மெய்கோ தடத்தைப் பிடித்தால் கடைசி நிலையம் துறைமுகம். பாய்மரம் போல நிற்கும் வெள்ளைக் கட்டடம் 1984-லேயே வந்தது. அண்டார்டிகாவுக்கு 18 முறை போய்வந்த ஃபுஜி என்ற பனியுடைப்புக் கப்பல் 1985 முதல் அங்கே அருங்காட்சியகம். மீன்காட்சியகம் கண்காட்சிக்குப் பின், 1992-ல்.

இவையெல்லாம் நிற்கும் துறைக்குத் தோட்டத்துறை என்று பெயர்; அதை 2026-ல் ஐச்சியும் நகோயாவும் நடத்தும் ஆசிய விளையாட்டுக்கும் கணக்கில் எடுத்தார்கள். ஒலிம்பிக் கிடைக்காமல் போய் 45 வருடம் கழித்து வரும் விளையாட்டு விழா. வீரர்களுக்கென்று தனிக் குடியிருப்பு கட்டினால் செலவு கட்டுப்படியாகாது என்று அதை விட்டுவிட்டார்கள். கொஞ்சம் பேருக்கு உல்லாசக் கப்பல், கொஞ்சம் பேருக்கு இந்தத் துறையில் இறக்கி வைக்கும் கொள்கலன் வீடுகள் என்று திட்டம் போட்டார்கள். கப்பல் கிளம்பிப் போய்விடும். வீடுகளைக் கிரேன் வைத்து லாரியில் ஏற்றிவிடலாம்.